இலங்கை இந்தியாவை விட்டு நகர்ந்து போகிறதா? தரம் ஐந்துப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

கேள்வி: முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி, 3 ஜூன் 2025

என் மகள் தரம் ஐந்தில் படிக்கிறாள். கண்டங்கள் எல்லாம் நகர்கின்றன என்று எங்கோ கேட்டுக்கொண்டு வந்து, அப்படியென்றால் இலங்கையும் இந்தியாவை விட்டு விலகிப் போகிறதா, தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான தூரம் வருடா வருடம் கூடுகிறதா என்று கேட்கிறாள். நான் ஆம் என்று சொல்லிவிட்டேன். சரியா?

3 ஜூன், இரவு 8.10

பிழை. ஆனால் நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பூமியின் மேற்பரப்பு நகரும் பெரிய பாறைப் பாளங்களாகப் பிரிந்திருக்கிறது, புவித்தகடு என்பது அத்தகைய ஒரு பாளம். இலங்கையும் இந்தியாவும் ஒரே புவித்தகட்டின் மேல் இருக்கின்றன. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் முன் இருக்கையில் ஒருவரும் பின் இருக்கையில் ஒருவரும் இருந்தால், பேருந்து மாங்குளம் தாண்டினாலும் ஆனையிறவு தாண்டினாலும் அந்த இருவருக்கும் இடையிலான தூரம் மாறுவதில்லை. தலைமன்னாரும் இராமேஸ்வரமும் அந்த இருவர். அவர்கள் ஏறியிருக்கும் பேருந்து வடகிழக்குத் திசையில் வருடத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் போகிறது. உங்கள் மகளுக்குப் பத்து வயதென்றால், அவள் பிறந்த நாளிலிருந்து உங்கள் வீடு, கிணறு, வேலி எல்லாம் சேர்ந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக நகர்ந்திருக்கின்றன என்று அவளது கையை நீட்டிக் காட்டிச் சொல்லுங்கள்.

இடையில் கடல் ஏன் வந்தது என்று அடுத்ததாகக் கேட்பாள். பாக்குநீரிணை ஆழமற்ற கடல். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல்நீரில் ஒரு பகுதி நிலத்தின் மேல் பனிக்கட்டியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவில் தாழ்ந்திருந்தது. அப்போது இங்கிருந்து அங்கே கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். பனி உருகி நீர் ஏறியதுதான் பிரிவுக்குக் காரணம், தகடு நகர்ந்தது அல்ல.

4 ஜூன், காலை 6.00

இரவு படுத்த பிறகு யோசித்தேன். நேற்று நான் தாய்க்குப் பதில் எழுதினேன், பிள்ளைக்கு எழுதவில்லை. பிள்ளை முதலில் கேட்பது "எப்படித் தெரியும்?" என்பது. புவியின் உள்ளே எத்தனை படை, எவ்வளவு வெப்பம் என்று படத்தைக் கீறிப் பாடமாக்க வைத்தால் பரீட்சைக்கு உதவும். அந்தக் கேள்விக்கு உதவாது.

நான் செய்வது இது. பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை வகுப்பின் முன் நின்று தாறுமாறாகக் கிழித்து, துண்டுகளை இரண்டு வாங்குகளுக்குக் கொடுப்பேன். முதலில் ஓரங்களைப் பொருத்துவார்கள். "சும்மா பொருந்துகிறது சேர், தற்செயலாக இருக்கலாம்" என்று யாராவது ஒரு குறும்பன் சொல்வான். சொல்லாவிட்டால் நானே சொல்வேன். பிறகு எழுத்துகளை வாசிக்கச் சொல்வேன். ஒரு துண்டில் "மரண அறி" என்று முடியும், மற்றத் துண்டில் "வித்தல்" என்று தொடங்கும். அந்த இடத்தில் வகுப்பு அடங்கிவிடும். ஓரம் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம், வரிக்கு வரி எழுத்தும் பொருந்துவது தற்செயலாக இருக்க முடியாது.

இந்த உவமை என்னுடையது அன்று. அல்பிரட் வெகனர் என்ற யேர்மனிய வானிலை ஆராய்ச்சியாளர், கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன என்ற கருத்தை 1912 இல் முன்வைத்து, 1915 இல் நூலாக வெளியிட்டபோது கையாண்டது. அவருடைய "எழுத்துகள்" புதைபடிவங்களும் பாறைகளும். மெசோசோரசு என்ற சிறிய நீர்வாழ் ஊர்வனத்தின் எச்சம் தென்னாபிரிக்காவிலும் கிடைக்கிறது, பிரேசிலிலும் கிடைக்கிறது. அத்திலாந்திக்கை நீந்திக் கடக்கக்கூடிய உருப்படி அல்ல அது. குளோசோப்தெரிசு என்ற செடியின் நாக்கு வடிவ இலை இந்தியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா ஐந்திலும் கல்லாகிக் கிடக்கிறது. இலைக்கு நீந்தவே தெரியாது.

4 ஜூன், மாலை

ஒன்று விட்டுப்போனது. தள்ளியது எது என்று கேட்டபோது வெகனரிடம் நல்ல பதில் இருக்கவில்லை. அவர் சொன்ன விசைகள் போதாதவை. எதிர்த்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்லர். அவர் 1930 இல் கிறீன்லாந்துப் பனியில் இறந்தார், ஐம்பது வயது அப்போதுதான் நிறைந்திருந்தது. அவருடைய கருத்து 1960களில்தான் ஏற்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கிறது. சரியாகச் சொன்னவர் தோற்றுப்போய் இறந்தார் என்பது அவர்களை ஏதோ செய்கிறது.

6 ஜூன்

புவித்தகடு என்றால் என்ன என்று காட்டுவதற்கு வன்னியில் படம் தேவையில்லை. சோளகம் வீசத் தொடங்கிக் குளம் வற்றியதும், அடிமண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இதுதான் பூமியின் மேற்பரப்பு, பெரிய பாளங்கள் ஏழோ எட்டோ, சிறியவை பல" என்று காட்டுங்கள். பசுபிக் தகடு, ஆபிரிக்கத் தகடு, யூரேசியத் தகடு என்று ஒவ்வொரு பாளத்துக்கும் பெயர் சூட்டி, அதன் மேல் ஒரு பிள்ளையை நிற்க விடலாம்.

இந்தியத் தகடு மட்டும் முன்னொரு காலத்தில் மற்றவற்றைவிட வேகமாக ஓடியது. வருடத்துக்கு 15 சென்ரிமீற்றருக்கும் மேல். அந்த வேகத்தில் ஒரு மில்லியன் ஆண்டில் 1,500 கிலோமீற்றர் போயிருக்கும்.

7 ஜூன்

150 கிலோமீற்றர். முள்ளியவளைத் தாயாரின் மகள் கணக்கைச் செய்து பார்த்துவிட்டு "சேருக்கு ஒரு பூச்சியம் கூடிவிட்டது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். புலமைப்பரிசில் சித்தியடைவாள்.

11 ஜூன்

குளத்து மண் உவமையை நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்த ஒருவர் உடைத்துவிட்டார். அவர் சொல்வது சரி: மண் வெடிப்பது காய்ந்து சுருங்குவதால், ஒவ்வொரு பாளமும் தன் இடத்திலேயே ஒடுங்கும், எதுவும் எங்கும் நகராது, ஒன்றின் கீழ் ஒன்று புகாது. அந்தப் படத்தைக் கண்ட பிள்ளை பூமியும் காய்ந்து சுருங்குவதால் வெடித்தது என்று நினைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், வெகனருடைய காலத்துப் பெரியவர்கள் பலர் மலைகள் உண்டானது பூமி குளிர்ந்து சுருங்கியதால்தான் என்று நம்பியிருந்தார்கள். நான் நூறு வருடம் பின்னோக்கிக் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறேன்.

அதற்காகக் குளத்தைக் கைவிட மாட்டேன். பாளங்களாகப் பிரிந்திருக்கிறது என்ற ஒன்றை மட்டும் அது காட்டும் என்று சொல்லிவிட்டு, நகர்வதைக் காட்டப் பொங்கல் பானைக்குப் போகிறேன். உலை கொதிக்கும்போது அரிசி நடுவில் எழும்பி வந்து, மேலே பரவி, விளிம்பில் இறங்குவதைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. கீழே சூடேறியது எழும்பும், மேலே ஆறியது இறங்கும். புவியின் உள்ளேயும் அதுதான் நடக்கிறது, மிக மிக மெதுவாக. ஆதர் ஹோம்ஸ் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1920களின் இறுதியிலேயே இதைச் சொன்னார். வெகனர் தேடிய தள்ளுவிசைக்கு அருகில் வந்த முதற்பதில் அது.

12 ஜூன், அதிகாலை

பொங்கல் பானையிலும் ஓட்டை இருக்கிறது. பானையில் இருப்பது தண்ணீர். பிள்ளை உடனே "அப்படியென்றால் எங்கள் காலுக்குக் கீழே நெருப்புக் குழம்பா?" என்று கேட்கும். நான் பதினைந்து வருடங்களாக "ஆம், தகடுகள் நெருப்புக் குழம்பின் மேல் மிதக்கின்றன" என்று படிப்பித்தேன். அதுவும் பிழை. தகட்டின் கீழே இருக்கும் மூடகத்தின் மிகப் பெரும்பகுதி திண்மப் பாறை. திண்மமாக இருந்துகொண்டே அது ஊர்கிறது.

திண்மம் எப்படி ஊரும் என்பதுதான் எனக்கே நெடுநாள் விளங்காமல் இருந்தது. விளங்க வைத்தது தார்ப் பீப்பாய். ஏ9 வீதியைத் திருத்தி முடித்தவர்கள் எங்கள் பாடசாலை மதிலோரம் ஒரு பீப்பாயைப் பாதித் தாருடன் சரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெடியன்கள் கல்லால் அடித்தார்கள். தார் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகத் தெறித்தது. அதே தார் நாலைந்து மாதத்தில், ஒருவரும் தொடாமலே, பீப்பாயின் வாயைத் தாண்டி நாக்கு நீட்டி, மதிலின் அத்திவாரம் வரை வந்து நின்றது. அதன் மேல் ஒட்டியிருந்த ஒரு சோடா மூடியையும் சுமந்துகொண்டு வந்திருந்தது. அடித்தால் உடையும், விட்டால் ஊரும். அந்த மூடிதான் கண்டம் என்று சொன்னபோது எனக்கே உடல் சிலிர்த்தது.

ஆனால் மூடகப் பாறை தார் அளவுக்கு இளகியது அன்று. அதையும் சொல்லிவிட வேண்டும்.

15 ஜூன்

குமரிக் கண்டம் ஏன் இன்னும் வரவில்லை என்று காத்திருந்தேன். வந்துவிட்டது: தமிழர் வாழ்ந்த ஒரு கண்டம், லெமூரியா என்றும் சொல்வார்களே, முழுதாகக் கடலில் மூழ்கியதே என்று கேட்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்ட செய்தி இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் தேவையில்லை. கரையோர நிலங்கள் கடலுக்குள் போயிருக்கின்றன. மேலே சொன்ன 120 மீற்றர் ஏற்றமே அதற்குச் சாட்சி. ஆனால் கண்டம் ஒன்று முழுதாக மூழ்குவது வேறு கதை. கண்டங்கள் கடலடிப் பாறையைவிட இலேசான பாறையால் ஆனவை. தண்ணீரில் போட்ட கட்டை அமிழாதது போல அவையும் அமிழ்வதில்லை. லெமூரியா என்ற பெயர் 1864 இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இட்டது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதற்கு இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். மூழ்கவில்லை. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து ஏறத்தாழ 90 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் பிரிந்தவை. அந்தக் காலத்தில் மனிதரும் இல்லை, தமிழும் இல்லை. இதைச் சொன்னதற்காக என்னைத் திட்ட விரும்புபவர்கள் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம்.

15 ஜூன், இரவு

திட்டுகள் மூன்று வந்தன. மூன்றும் எழுத்துப்பிழையோடு.

19 ஜூன்

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விடயம். புவிநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் பற்றி எப்படிச் சொல்வது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

நான் முதலில் கற்பித்தது ஒரு கடற்கரைப் பாடசாலையில். போர் முடிந்து மீள்குடியேறிய காலம். பிளாத்திக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு பலகைத் துண்டைச் சட்டென்று உயர்த்தி, அலை எப்படி எழும்பி மறுபக்கத்தில் அடிக்கிறது என்று காட்டினேன். மறுபக்கத்தில் தீப்பெட்டிகளால் வீடுகள் அடுக்கியிருந்தேன். அவை புரண்டன. பின்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். தேடிப் போனேன், மலசலகூடத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். 2004 இல் அவனுக்கு மூன்று வயது. அவன் அலையைக் கண்ட நினைவே இல்லாதவன். ஆனால் தாயை அது கொண்டுபோனது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை, தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. தீப்பெட்டி வீடுகளை இன்று வரைக்கும் நான் மறக்கவில்லை.

இப்போது தொட்டி இல்லை, வீடு இல்லை. வரைபடத்தில் விரலை வைத்துச் சொல்கிறேன். எங்கள் பேருந்தின் கிழக்கு ஓரம் சுமாத்திராவுக்கும் அந்தமானுக்கும் அருகே பக்கத்துத் தகட்டின் கீழே புகுகிறது. புகும் இடம் வழுக்கிக்கொண்டு போவதில்லை, சிக்கிக்கொள்கிறது. வருடத்துக்குச் சில சென்ரிமீற்றராக, நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இழுவிசை, 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58 இற்கு விடுபட்டது. ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் நீளத்துக்குத் தகட்டின் விளிம்பு கிழிந்து, கடலின் அடி மீற்றர் கணக்கில் உயர்ந்தது. அந்த நடுக்கத்தின் அளவு 9.1. ஆழ்கடலில் அந்த அலை விமானம் போகும் வேகத்தில் வந்து, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் முல்லைத்தீவுக் கரையைத் தொட்டது.

பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி: திரும்ப வருமா? "வராது" என்று நான் சொல்வதில்லை. எங்கள் நிலம் தகட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது, ஆகவே காலுக்குக் கீழே பெரிய நடுக்கம் இங்கே அரிது. அலை மட்டும் தூரத்து விளிம்பிலிருந்து வரக்கூடும். தூரம் என்பதால் எச்சரிக்கை கிடைக்க நேரம் இருக்கிறது. அன்றைக்கு இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. கடல் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும். இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியதில்லை.

24 ஜூன்

3ஆம் திகதி எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். இலங்கையும் இந்தியாவும் இப்போது விலகவில்லை என்பது சரி. ஆனால் ஒருபோதும் விலகவில்லை என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. 100 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்னர், கொண்டுவானா என்ற பெருநிலம் உடைந்துகொண்டிருந்தபோது, மன்னார் வளைகுடாப் பக்கத்தில் நிலம் இழுபட்டு மெலிந்து பள்ளமாகியது. விலகத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பள்ளத்தில் சேர்ந்த படிவுகளில்தான் 2011 இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே அந்தத் தாயார் மகளுக்குச் சொன்ன "ஆம்" நூறு மில்லியன் ஆண்டு பிந்திய சரி.

27 ஜூன்

தகடு நகர்ந்ததற்குச் சாட்சியாக எங்கள் ஊரிலேயே ஒரு கல்லைக் காட்ட முடியுமா என்று கேட்டவர்களுக்கு. வீதிக்குப் பறிக்கும் கருங்கல் சல்லியில் வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடிய துண்டுகள் கிடக்கும். ஒன்றை எடுத்து நனைத்துப் பாருங்கள், வரிகள் துலங்கும். புவியின் ஆழத்தில் வெந்து நசுங்கியதால் வந்த வரிகள் அவை. புவியியலாளர்கள் இலங்கையின் பழைய பாறைகளைப் பெரிய தொகுதிகளாகப் பிரித்து, வவுனியா உள்ளிட்ட வடமேற்குப் பக்கத்துத் தொகுதிக்கு இட்ட பெயரே "வன்னித் தொகுதி". உலகப் புவியியல் ஆய்வேடுகளில் எங்கள் ஊரின் பெயர் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஏறத்தாழ 550 முதல் 600 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் இதே வேக்காட்டில் வெந்த பாறைகள் மடகாஸ்கரிலும் கிழக்கு அந்தாட்டிக்காவிலும் இருக்கின்றன. பத்திரிகைத் தாளை நினைவில் கொள்ளுங்கள்: இந்தச் சல்லி ஒரு துண்டின் ஓரத்து எழுத்து, தொடரும் வரி அந்தாட்டிக்காவின் பனிக்குக் கீழே.

தகடுகள் மோதி உயர்ந்த எவரெஸ்ட் உச்சியில் கடல்வாழ் உயிரிகளின் எச்சம் கொண்ட சுண்ணக்கல் இருக்கிறது என்று சொன்ன அன்று ஒரு சிறுமி எழும்பி, "அம்மம்மாவின் யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றுக் கல்லிலும் சிப்பி இருக்கிறது, அங்கேயும் தகடு மோதியதா?" என்று கேட்டாள். இல்லை. அது ஆழமற்ற கடலில் படிந்து, கடல் விலகியதும் வெளியே தெரிந்த மயோசீன் காலச் சுண்ணக்கல். மிக இளையது, இருந்த இடத்திலேயே இருப்பது. ஆனால் சிப்பி கண்ட இடத்தில் கடல் இருந்தது என்று அவள் தானாகவே பிடித்துக்கொண்டாளே, அது போதும்.

2 ஜூலை

1950களில் அத்திலாந்திக் கடலடியை வரைந்து, அதன் நடுவில் ஓடும் மலைத்தொடரின் முதுகில் ஒரு பிளவு இருப்பதைக் கண்டவர் மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண். கூட வேலை செய்தவர் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பிறகு அந்தப் பிளவில்தான் புதிய கடலடி உருவாகி இரு பக்கமும் விலகுகிறது என்று தெரிந்தது. இதை வகுப்பில் சொன்னேன். கொப்பிகளைத் திருத்தும்போது மூன்று பேர் "தார்ப் பீப்பாய் அம்மையார்" என்று எழுதியிருந்தார்கள். பிழை என்னுடையது, இரண்டையும் ஒரே கிழமையில் படிப்பித்திருக்கக் கூடாது.

9 ஜூலை

11 ஜூன் குறிப்பை இன்னும் ஒருமுறை திருத்துகிறேன். பொங்கல் பானையைப் பார்த்தால், எழும்பி வருவது தகட்டைத் தள்ளிக்கொண்டு போவது போலத் தோன்றும். இன்றைய விளக்கத்தில் இறங்கும் முனைதான் பெரிய வேலைகாரன். கிணற்றுக்கட்டில் போட்ட ஈரச் சாரத்தின் ஒரு முனை உள்ளே தொங்கத் தொடங்கினால், அந்தப் பாரமே மீதியையும் இழுத்துக்கொண்டு சளக்கென்று கிணற்றில் விழும். பழைய கடலடி குளிர்ந்து பாரமாகி மூடகத்துக்குள் இறங்கும்போது, பின்னால் வரும் தகடு முழுவதையும் அப்படித்தான் இழுக்கிறது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையில் தெதீசு என்ற கடல் இருந்தது. அதன் அடி ஆசியாவின் கீழே இறங்கி இறங்கி இந்தியாவை இழுத்துக்கொண்டு போய், ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் மோத விட்டது. இமயமலை அந்த மோதலின் மடிப்பு.

சாரம் எங்கே பிழைக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். எனக்கு இரண்டு இடம் தெரியும்.

1 ஓகஸ்ட்

ஜூலை 1 ஆம் திகதி வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகளின் பெருவிரல் நகத்தின் அடியில், தோல் முடியும் இடத்தில், வர்ணப் பொட்டு ஒன்று வைத்தோம். நேற்று அளந்தோம். பெரும்பாலானோருக்கு 3 மில்லிமீற்றர். ஒரு வருடத்துக்குப் பெருக்கினால் 3.6 சென்ரிமீற்றர். எங்கள் தகடு நகத்தைவிடச் சற்று விரைவாகப் போகிறது என்று கரும்பலகையில் எழுதினேன். அடியில் புதிதாக முளைத்து வெளியே நகர்வதால், பொட்டு வைத்த நகம் அத்திலாந்திக் நடு மலைத்தொடர் போல என்றும் சொன்னேன்.

நகம் கடிப்பவன் ஒருவன் கையை ஒளித்துக்கொண்டிருந்தான். பிடித்துப் பார்த்தால் பொட்டு அடியில் இருக்கிறது, நுனியில் நகமே இல்லை. "அப்ப என்ர வாய்தான் சேர், தகடு உள்ளுக்குப் போற இடம்" என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சரி என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை: "ஆனால் சேர், சாரம் இழுக்கும் எண்டு சொன்னீங்கள். இவன் கடிச்சும் இவன்ர பொட்டு எங்கட பொட்டைவிடத் தூரம் போகேல்லையே."

அளந்து பார்த்தோம். அவனுக்கும் 3 மில்லிமீற்றர்தான்.